லாசரு எங்கே இருந்தார்?

லூக்கா சுவிசேஷம் 10-ஆம் அதிகாரத்தில் இயேசு மார்த்தாளின் வீட்டுக்கு வருகிறார். தங்கை மரியாள் அவர் பாதத்தருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அக்காள் மார்த்தாள் விருந்து வேலையில் அல்லாடுகிறாள். தங்கையை உதவிக்கு அனுப்பும்படி கேட்கிறாள். மரியாள் எடுத்துக்கொண்டதுதான் நல்லது என்ற பதில் வருகிறது. ஆலயம் விட்டு வெளியே வரும்போது மூத்த பெண்கள் எனக்கு எடுத்துச் சொல்வது இந்தக் கதையைத்தான். "பிள்ளைய வீட்லயே வச்சுப் படிப்பிக்கிற, சரி. அப்போ வேலைய விட்ரணும்ல? ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால்னு நிக்கப்படாது மக்ளே."

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் இருப்பது லேசான காரியமில்லை. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பெயர் வாங்கிய ஊர். தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம். என் மகனுக்கு வயது 7. கூட்டத்தில் வாயே திறக்க மாட்டான். வீட்டில் கேள்விக்குமேல் கேள்வி. இன்னும் கொஞ்ச காலம் வீட்டிலேயே படிக்கட்டும் என்று நானும் அவன் அப்பாவும் முடிவெடுத்தோம். கல்வி உரிமைச் சட்டத்தில் வீட்டுக்கல்விக்கென்று தனி விதி கிடையாது. ஆனால் 2002-இல் வந்த 86-ஆவது அரசியல் சட்டத் திருத்தம், 6 முதல் 14 வயதுவரை பிள்ளைக்குக் கல்வி வாய்ப்பைத் தருவது பெற்றோரின் அடிப்படைக் கடமை என்கிறது. அந்தக் கடமையை நான் வேதக் கட்டளைபோலவே எடுத்துக்கொண்டேன். சம்பளமும் விட முடியாதது. வீட்டுக் கடனில் பாதி என் வருமானத்தில்தான் அடைகிறது.

உபாகமம் 6-ஆம் அதிகாரம் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதைப் பற்றிப் பேசும்போது மணி, பாடவேளை எதுவும் சொல்லவில்லை. வீட்டில் இருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழும்போது என்று நாள் முழுவதையும் பாடமாக்கிவிடுகிறது. ஆடு மேய்த்தவர்களுக்கும் உழுதவர்களுக்கும் சொன்ன வார்த்தை அது. அவர்களுடைய பிள்ளைகள் வேலை நடக்கும் இடத்திலேயே இருந்தார்கள். கிட்டத்தட்ட அப்படியேதான் காந்தியும் ஜோகன்னஸ்பர்க்கில் வக்கீல் தொழிலுக்கு நடுவே தன் பையன்களை வளர்த்தார். அலுவலகத்துக்குப் போகவர சுமார் 5 மைல். அந்த நடையில்தான் அவர்களுக்குப் பாடம். தினமும் ஒழுங்காக ஒரு மணி நேரமாவது எழுத்துப் படிப்புக்கு ஒதுக்கியிருந்தால் அது முழுமையான கல்வியாக இருந்திருக்கும் என்று 'சத்திய சோதனை'யில் அவரே எழுதுகிறார். மூத்த மகன் ஹரிலாலுக்குத் தன்னைப் படிக்கவைக்கவில்லை என்ற மனக்குறை கடைசிவரை தீரவில்லை. 1910-இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கியபின் காலையில் தோட்ட வேலை, மதியச் சாப்பாட்டுக்குப்பின் பாடம். தமிழ்ப் பிள்ளைகளும் அங்கே இருந்தார்கள். தூக்கம் சொக்கும், கண்ணில் தண்ணீர் தெளித்துக்கொண்டு படித்தார்களாம். இதைப் படித்தபோது எனக்கு அவர்மேல் பிரியம் கூடியது. வேலையும் பாடமும் ஒரே உடம்பைக் கேட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் வேலையில் பிள்ளை பக்கத்தில் இருக்கவே முடியாது. நான் மெடிக்கல் கோடிங் செய்கிறேன். அமெரிக்க மருத்துவமனைகளிலிருந்து வரும் சார்ட்டைப் படித்து, நோய்க்கும் காயத்துக்கும் உரிய ஐசிடி-10 கோடு போட வேண்டும். அங்கே 1996-இல் வந்த ஹிப்பா சட்டத்தின்படி நோயாளியின் விவரம் சம்பந்தமில்லாதவர் கண்ணில் படக்கூடாது. மேசையில் பேனா, தாள், போன் எதுவும் இருக்கக் கூடாது. அறைக்கதவு சாத்தியிருக்க வேண்டும். உபாகமத்தின் தகப்பனும் காந்தியும் வேலையைப் பிள்ளைக்குக் காட்டினார்கள். நான் பிள்ளையிடமிருந்து என் வேலையை மறைத்தே ஆக வேண்டும்.

கதவுக்கு உள்ளே இருப்பது வெறும் சம்பாத்தியம் என்றால் முடிவு சுலபம். ஊஞ்சலிலிருந்து விழுந்து கை ஒடிந்த பிள்ளை என்றால் காயத்துக்கு ஒரு கோடு, விழுந்த விதத்துக்கு டபிள்யூ09.1. கவனம் சிதறி ஒன்றை மாற்றிப் போட்டால் இன்சூரன்ஸ் பணம் நின்றுபோகும்; முகம் தெரியாத ஒரு குடும்பம் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு அலையும். அவர்களும் என் அயலார்தானே? கம்பெனிக்கு விற்ற மணி நேரத்தில் மகனுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால், களவு செய்யாதே என்ற கட்டளையை நான் எந்த வாயால் அவனுக்குச் சொல்வேன்? அவனுக்கென்று வைத்த நேரத்தில் டார்கெட்டை நினைத்துக்கொண்டிருந்தால் அதுவும் அதே களவுதான்.

ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கில் எனக்கு ஒரு வழி தெரிந்தது. உழைப்புக்கு இன்ன நேரம், வாசிப்புக்கு இன்ன நேரம் என்று அதில் பிரித்திருக்கிறார். ஜெபத்துக்கு அழைப்பு வந்தால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும். இதை வைத்து, பிள்ளை கூப்பிடும்போதெல்லாம் அதுதான் மணி, ஓடு என்று தாய்மாருக்குச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மடத்தின் மணி வேளை தவறாமல் அடிக்கும்; அதனால்தான் துறவி மற்ற நேரத்தில் முழு மனதோடு மண்வெட்டி பிடிக்க முடிந்தது. நினைத்தபோதெல்லாம் அடித்திருந்தால் வயலும் கெட்டிருக்கும், ஜெபமும் கெட்டிருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் காலை 8 மணி முதல் 9.30 வரை பாடம். 10 மணிக்கு லாகின். வேலைக்கு இடையில் மகனுக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஆச்சியிடம் போவான்.

இப்போது கடன் வாங்கிக் கழித்தல் நடக்கிறது. 23-லிருந்து 8-ஐக் கழிக்க வேண்டும். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்ட ஈர்க்குச்சிக் கட்டு இரண்டு, உதிரி மூன்று. மூன்றிலிருந்து எட்டு எடுக்கத் தெரியாமல் மகன் உதிரிக் குச்சிகளையே பார்ப்பான். கட்டைத் தொடுவான், விடுவான். என்னைப் பார்ப்பான். அந்த ரப்பர் பேண்டை அவிழ்த்துவிட எனக்கு இரண்டு நொடி போதும். மனசு பத்து மணியில் இருக்கும் நாளில் கை தானாக நீளும். அவிழ்த்துவிட்டால் விடை வந்துவிடும், கணக்கு வராது. மார்த்தாளுக்குக் கிடைத்த கண்டிப்பை நான் இந்த இடத்தில்தான் எனக்குப் பொருத்திப் பார்க்கிறேன். அவள் சமைத்ததில் குற்றமில்லை. பல காரியங்களில் மனசு சிதறிப்போனதைத்தான் ஆண்டவர் சொன்னார்.

மார்த்தாள் அதற்குப்பின் வேலையை விட்டுவிடவில்லை. யோவான் 11-இல் அவர்களுடைய சகோதரன் லாசரு இறந்தபோது இயேசுவை எதிர்கொண்டு போகிறவள் அவள். மரியாள் வீட்டிலேயே இருக்கிறாள். இயேசுவைக் கிறிஸ்து என்று அறிக்கையிடுகிறவளும் மார்த்தாளே. 12-ஆம் அதிகாரத்து விருந்தில் மறுபடியும் மார்த்தாள்தான் பரிமாறுகிறாள். அந்தமுறை அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜெர்மானியத் துறவி எக்கார்ட் ஒரு பிரசங்கத்தில், இருவரில் பக்குவப்பட்டவள் மார்த்தாளே, மரியாள் இன்னும் படித்துக்கொண்டிருந்தவள் என்றே வாதிடுகிறார். எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும்.

ஆனால் அந்த 12-ஆம் அதிகாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. மார்த்தாள் பரிமாறுகிறாள், அண்ணனோ தம்பியோ, லாசரு பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். உதவிக்கு ஆள் கேட்ட மார்த்தாளும் தங்கையைத்தான் கேட்டாள். இத்தனை நூற்றாண்டுப் பிரசங்கங்களும் இரண்டு பெண்களில் யார் சரி என்றே கேட்டு வந்திருக்கின்றன. வேலையை விடச் சொல்லும் மூத்த பெண்கள் ஒருவர்கூட அதை என் கணவரிடம் சொன்னதில்லை. அவர் தூத்துக்குடிக்குப் போய்வருகிற உத்தியோகம். ஏழு மணிக்கு வீடு வருவார். லாசரு எங்கே என்று ஒருநாள் அவரிடம் நேராகவே கேட்டேன். அவர் அந்த அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பார்த்தார். இப்போது கழித்தல் என் பொறுப்பு. இரவுத் தோசையும், தோசைக்கல் பக்கத்தில் மகனை நிறுத்திச் சொல்லவைக்கிற வாய்ப்பாடும் அவர் பொறுப்பு.