உப்புப் பூத்த கோப்பை

கலையைக் கற்பித்த ஆசிரியரிடத்தில் நாம் பட்ட கடன் இன்னதென்று எவருக்கும் விளங்கும். அக்கலையின் அரிச்சுவடியும் அறியாமல், அன்பு ஒன்றினாலேயே நம்மைத் தட்டிக்கொடுத்தவர்களுக்கும் நாம் மெய்யாகவே கடன்பட்டிருக்கிறோமா, அல்லது உறவுக்குச் செலுத்த வேண்டிய மரியாதையைக் கலைக்குரிய நன்றியென்று எண்ணி மயங்குகிறோமா என்ற சந்தேகம் இளமையில் என்னை வெகுகாலம் வருத்தியதுண்டு. அதற்கு நான் கண்ட சமாதானத்தை இருவர் வாய்மொழியாக இங்கே எழுதுகிறேன். இடம் விருத்தாசலத்தில் மணிமுத்தாற்றுக்கு அணித்தான ஒரு பீங்கான் பட்டறை. குரு அங்கே தலை நரைத்த தொழிலாளர். சீடன் அவ்வூர்ப் பீங்கான் தொழில்நுட்பப் பயிலகத்தில் படித்துவிட்டு அவரிடம் திரிகை பழக வந்தவன். சூளை ஆறிக்கொண்டிருந்த ஒரு மாலைப்பொழுது.

சீடன்: ஐயா, அடுத்த மாதம் என் கலங்களை முதன்முதலாகக் காட்சிக்கு வைக்கிறேன். நன்றியுரை எழுத உட்கார்ந்தேன். தங்கள் பெயரை எழுதுகையில் தடையின்றி ஓடிய பேனா, என் அத்தையின் பெயருக்கு வந்ததும் நின்றுவிட்டது.

குரு: ஏன் நின்றது?

சீடன்: என்னை வளர்த்தவள் அவள்தான், அந்த உபகாரத்தை நான் மறக்கவில்லை. ஆனால் என் தொழிலில் அவளுக்கு என்ன பங்கு என்று யோசித்துப் பார்த்தேன். பயிலகத்தில் சேர்ந்த வருஷம் நான் முதலிற் செய்த கோப்பையைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தேன். சூடு போதாமல் எடுத்த கோப்பை. உட்புறத்தில் மெருகும் பிடிக்கவில்லை. விளிம்பு ஒரு பக்கம் சரிந்திருக்கும். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று சொல்லி, அதில் உப்பைப் போட்டு அடுப்படியில் வைத்துக்கொண்டாள். வேகாத மண்ணில் உப்பு என்ன செய்யும் என்பது தாங்கள் அறிந்ததே. சுவரின் நுண்துளைகளின் வழியே ஈரத்தோடு ஊறி வெளிப்புறத்திலே வெள்ளையாய்ப் பூத்து, மேல்மண்ணைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். அந்தக் கோப்பையும் அப்படியே உதிர்ந்தது. ஆயினும் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் அவள், 'உன் கோப்பை நன்றாகத்தான் இருக்கிறது' என்றே சொல்லுவாள். நல்லது இது, கெட்டது இது என்று பகுத்தறியாத வாயிலிருந்து வரும் புகழ்ச்சிக்கு என்ன விலை? எல்லாக் கலத்தையும் நல்லதென்பவர் எந்தக் கலத்தையும் நல்லதென்று சொன்னவராக மாட்டார். அது மட்டுமா? அத்தகைய புகழ்ச்சியை நம்பியிருந்தால் இன்றும் நான் வேகாத கோப்பைகளையே செய்துகொண்டிருப்பேன். என்னைக் காப்பாற்றியது, அக்கோப்பையைக் கையில் வாங்கி விரலால் ஒரு சுண்டு சுண்டி, ஓசையைக் கேட்டுக் கீழே வைத்துவிட்ட தங்கள் மௌனமல்லவா? பொய்யான அபிப்பிராயத்துக்கு நன்றி சொல்வது, மெய்யான அபிப்பிராயம் சொன்னவரை அவமதிப்பதாகாதா?

குரு: நல்ல கேள்வி. வேறு ஏதும் உண்டா?

சீடன்: குருவின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தால் அவருடைய பாணியிலேயே கட்டுண்டுவிட மாட்டோமா?

குரு: பெற்றவர் பெயரைத் தலைப்பெழுத்தாக இட்டுக்கொள்கிறவன் பெற்றவரைப் போலவேதான் நடக்கிறானா? அடுத்தது.

சீடன்: ஊக்கம் கொடுக்காமல் இடித்துரைத்தவருக்கும் நன்றி உண்டோ?

குரு: 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், இளைஞராயிருந்த உ.வே. சாமிநாதையர் தாம் படித்த நூல்களையெல்லாம் வரிசையாகச் சொல்லக் கேட்டும் முகம் மலரவில்லை, சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பயனாக 1887-இல் ஐயர் பதிப்பாகச் சிந்தாமணி அச்சேறிற்று. ஐயர் முதலியாரைக் கடைசிவரை மறக்கவில்லை. அது போதும், உன் அத்தையிடத்துக்கு வருவோம்.

தம்பி, ஒன்று கேட்கிறேன். அந்தக் கோப்பையின் மேல் பூத்த உப்பை யார் துடைத்தார்கள்?

சீடன்: அத்தைதான். தினந்தோறும் காலையில் அடுப்பு மூட்டுமுன் முந்தானையால் துடைத்துவிட்டு, உதிர்ந்த செதிலை விரலால் கூட்டி எடுப்பாள்.

குரு: தினந்தோறும் துடைத்தவளுக்கா அதன் குற்றம் தெரியாது? உனக்கு அக்குற்றம் புத்தகத்திலே தெரியும். எனக்குச் சுண்டின ஓசையிலே தெரியும். அவளுக்கோ அது எத்தனையோ வருஷமாக விரல்நுனியிலே தெரியும். அவள் அறியாமல் சொன்னவளல்லள். அறிந்தே, கோப்பையைப்பற்றி ஒரு வார்த்தை சொல்வது போல உன்னைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னவள். நான் பரீட்சித்தது கலத்தை. அவள் கலத்தின் குற்றத்தைத் தன் கையோடு வைத்துக்கொண்டு, கலம் செய்தவனுக்கு ஜாமீன் நின்றாள். இரண்டும் வெவ்வேறு காரியங்கள், இரண்டும் வேண்டியவை, ஒன்றின் விலையை மற்றொன்றின் தராசில் நிறுத்தது உன் பிழை.

அதோ மூலையில் அடுக்கியிருக்கும் சாகர்களைப் பார். கரி படிந்த அந்தத் தீக்களிமண் பெட்டிகளை எந்தக் கடையிலாவது விற்பனைக்கு வைத்துப் பார்த்திருக்கிறாயா? விறகும் கரியும் எரிந்த சூளைகளில், ஆயிரத்திருநூறு பாகை வெப்பத்திலே, நாவு நீட்டி வரும் தழலையும் புகையையும் சாம்பலையும் தன் மேல் வாங்கிக்கொண்டு, உள்ளேயிருக்கும் கலத்துக்கு வெப்பத்தை மட்டும் விட்டுக்கொடுப்பது சாகர். கலத்துக்கு வடிவம் கொடுத்தது அதுவன்று, அது திரிகையின் வேலை. நிறம் கொடுத்ததும் அதுவன்று. ஆயினும் அது இல்லாவிட்டால் மெருகெல்லாம் கரிப்புள்ளியாய் முடியும். சாகருக்குக் கலையின் இலட்சணம் தெரியுமா என்று கேட்பது எத்தகைய கேள்வி! 'மண்ணைப் பிசைகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்' என்று ஊரார் கேட்ட கேள்விகள் உன் காதுக்கு எட்டாமற் போனதெல்லாம் எங்கே போயின என்று நினைக்கிறாய்?

சாமிநாதையருக்கும் இப்படி ஒரு சாகர் இருந்தார். அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். தமிழ் இலக்கணத்தில் வல்லவரல்லர். மகன் படிக்கத் தமிழ் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அரியலூரென்றும் குன்னமென்றும் கார்குடியென்றும் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு அலைந்து, 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டுவந்து விட்டவர் அவர். பிள்ளையவர்கள் 1876-இல் மறைந்தார்கள். ஐம்பத்தேழு வருஷம் கழித்து, எழுபத்தெட்டாம் வயதில் ஐயர் தம் ஆசிரியரின் சரித்திரத்தை வெளியிட்டார். இரண்டாம் பாகம் அடுத்த வருஷம் வந்தது. பின்னர்த் தம் சொந்தச் சரித்திரத்தை எழுதியபோது அந்தத் தகப்பனாரையும், ஊர் ஊராகத் தங்களை ஆதரித்த எளிய மனிதர்களையும் பெயர் பெயராக எழுதினார். பாட்டுத் தெரிந்த தந்தைக்குத் தமிழ் படித்த மகன் பட்ட கடனைத் தமிழ்க் கணக்கில்தான் எழுதினார். அதில் ஒரு மயக்கமும் இல்லை.

இனி, கடனைத் தீர்ப்பது எப்படி? இந்த ஊரில் படித்தவனுக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா? இவ்வூர்க் கோயிலின் பழமலைநாதர் கொடுத்த பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் இந்த மணிமுத்தாற்றிலே போட்டுத் திருவாரூர்க் கமலாலயத்திலே எடுத்தார். கொடுத்தவரிடமே திருப்பிச் செலுத்துவதென்பது கடைக்கணக்கு. கலையில் வாங்குகிற துறை ஒன்று, இறங்குகிற துறை வேறு. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் பிறர் கையிலிருந்து பெற்ற வித்தையை டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் 1971-இல் புதுச்சேரியிலே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்று தொடங்கி இறக்கினார்கள். அவர்களிடம் பழகியவர்களின் சூளைகள் இன்று ஆரோவில்லைச் சுற்றிலும் அதற்கு அப்பாலும் எரிகின்றன. சாகரின் கதையும் அதுவே. பலமுறை சூளை கண்டு விரிசல் விழுந்த சாகரை நாம் எறிவதில்லையே. இடித்துப் பொடியாக்கிப் புதுச் சாகருக்கான களிமண்ணில் கலக்கிறோம். ஒருமுறை வெந்த அந்தப் பொடி சேர்ந்தால்தான் புதுப் பெட்டி அடுத்த சூளையின் அதிர்ச்சிக்கு வெடிக்காமல் நிற்கிறது. உன்னிடம் நாளை ஒரு பையன் சரிந்த கோப்பையோடு வருவான். அப்போது நீ சொல்லும் சொல்லில் உன் அத்தையின் பொடி கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்.

ஆற்றிலே போடுமுன் சுந்தரர் ஒரு காரியம் செய்தார். அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக வெட்டி எடுத்துக்கொண்டார். குளத்தில் கிடைத்ததை அதனோடு ஒப்பிட்டு மாற்றுப் பார்ப்பதற்காக. மாற்றுக் குறைந்திருக்கக் கண்டு மறுபடியும் பாடிச் சரிசெய்துகொண்டார். நன்றியுரையில் எழுதுகிற பெயர் அந்த மச்சத் துண்டு, தம்பி. பெற்றவன் தனக்காகவே வைத்துக்கொள்வது அது. எழுதாமல் விட்டால், இருபது வருஷத்துக்குப் பின் உன் கையிலிருப்பது அதே பொன்தானா என்று எதை வைத்து உரைத்துப் பார்ப்பாய்? என் பெயரை முதலில் எழுதியிருக்கிறாய். அதை இரண்டாவதாக மாற்று.

சூளையின் சூடு இன்னும் அறுநூறு பாகைக்கு மேல் இருக்கிறது. இப்போது கதவைத் திறந்தால் எல்லாம் பிளந்துபோகும். நாளை மாலை திறக்கலாம். உள்ளும் புறமும் மெருகிட்ட மூடி போட்ட ஜாடி ஒன்று இரண்டாம் வரிசையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு மங்கலம்பேட்டைக்குப் போய் அத்தையிடம் உப்புப் போட்டுக்கொள்ளக் கொடுத்துவிட்டு வா. பழைய கோப்பையை அவள் எறிய மாட்டாள், எறியச் சொல்லாதே.