எவர் செய்த வினை?

கல்வராயன் மலையில் பெய்யும் மழை, கோமுகி ஆறாய் இறங்கிக் கள்ளக்குறிச்சிக் கழனிகளை நனைக்கிறது. மேலே விழுந்தது கீழே வந்து சேரும். இதை அறியச் சோதிடம் வேண்டாம், உழவனைக் கேட்டால் போதும். அந்த அறிவோடு இன்னொரு மலையைப் பாருங்கள், தோழர்களே!

கொடைக்கானல் வெப்பமானி ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு, காயலான் கடையில் கிடந்தது அம்பலமாயிற்று. 2001இல் ஆலை மூடப்பட்டது. ஆலையை மூடலாம்; பாதரசத்தை மூட முடியுமா? அது ஆவியாகும், மழையோடு மண்ணில் இறங்கும், நீர்நிலையின் சேற்றை அடையும். அங்கே நுண்ணுயிர்கள் அதனை மெத்தில் பாதரசமாக்கும். பாசியை உண்ணும் சிறுமீன், சிறுமீனை உண்ணும் பெருமீன், பெருமீனை உண்ணும் மனிதன் எனப் படிதோறும் நஞ்சு பெருகும்.

ஜப்பானின் மினமாட்டாவில் 1956இல் வெளிப்பட்ட பாதரச நோய், கருவிலிருந்த குழந்தையையும் விடவில்லை. அத்தகைய குழந்தையைக் கண்டால் 'முன்வினை' என்பார் நம் நாட்டில் உண்டு. வினைதான், மறுக்கவில்லை! ஆனால் குழந்தை செய்த வினையன்று. கடலில் கழிவைக் கொட்டிய ஆலை செய்த வினை! விதியென்று சொல்லும் நாக்கு, குற்றவாளி தப்பக் கதவு திறக்கிறது. நஞ்சு வந்த வழியே திரும்பி நடந்து, 'செய்தவர் எவர்?' என்று கேட்பதே அறம்.

கொடைக்கானல் தொழிலாளர் விதியை நோகவில்லை; கேட்டனர். 15 ஆண்டுகள் கேட்டனர். 2016இல், 591 பேருக்குத் தொகை வழங்க நிறுவனம் உடன்பட்டது.