ஓதிய பிள்ளையும் சிரித்த பிள்ளையும்

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, அஸருக்குப் பிறகு, வாலிபர் ஒருவர் ரசீதுப் புத்தகத்தோடு நம் கடைக்கு வந்தார். பள்ளிவாசல் நிதியாக இருக்குமென்று எண்ணிக் கல்லாவைத் திறந்தோம். அவரோ, தலசீமியா என்ற ரத்த நோயுள்ள பிள்ளைகளை மூன்று நாள் கடற்கரைக்கு அழைத்துப்போய்த் தங்கவைத்து விளையாட விடப் போவதாகவும், பிள்ளைகளின் பெற்றோர் சிலர் சேர்ந்து அதை நடத்துவதாகவும் சொல்லி உதவி கேட்டார். நாம் கல்லாவை மூடிவிட்டோம். "மருந்துக்கென்றால் தருகிறோம் தம்பி, விளையாட்டுக்கா தருவது?" என்றோம். அவர் முகம் சுளிக்கவில்லை. ஸலாம் சொல்லிவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போனார்.

அன்றிரவு பற்று வரவு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. மதரஸாவில் நம்மோடு ஓதிய இரண்டு பிள்ளைகள் நினைவில் வந்து நின்றார்கள்.

ஒருவனுக்கு உஸ்தாத் ஒரு முறை சொன்னால் போதும், பாடம் நெஞ்சில் இருக்கும். மீலாது இரவில் அவன் கிராஅத் ஓதினால் கடைத்தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பார்கள். பன்னிரண்டு வயதில் அவனை மாமா கடைக்குத் தராசு பிடிக்க அனுப்பிவிட்டார்கள். ஹயாத்தோடுதான் இருக்கிறார். ஆனால் அந்தக் குரல் அரிசி மூட்டைத் தூசியோடு போய்விட்டது. இன்றும் கல்யாண வீட்டில் நாலு பேர் கூடினால் அவர் ஓதியதைப் பற்றிப் பேசாமல் கலைவதில்லை.

மற்றவன் மாதத்துக்கு இரண்டு நாள் பாடத்துக்கு வரமாட்டான். ஈப்போ ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவான். முகம் மஞ்சள் பூத்திருக்கும், வயிறு சற்றுப் பெருத்திருக்கும், ஆள் வளரவில்லை. நாங்கள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம். அதை எழுத இப்போது வெட்கமாயிருக்கிறது. பதினான்கு வயதில் மவுத்தாகிவிட்டான். அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நாமும் முப்பது வருஷமாய்ப் பேசவில்லை.

நம் ஊரில் 1877-ம் ஆண்டு ஒன்பது ரப்பர் கன்றுகள் நட்டார்கள். அவற்றில் நிலைத்து நின்ற மரத்துக்கு வேலி கட்டிப் பலகை வைத்திருக்கிறோம். மற்றவற்றை யார் கேட்கிறார்கள்? மரத்துக்கு அந்த நியாயம் சரி. பிள்ளைக்கும் அதுதான் நியாயமா?

மறுநாள் ஜும்ஆவுக்குப் பிறகு அவனுடைய தாயாரைப் பார்க்கப் போனோம். வயதான அம்மையார். ஏதாவது ஆறுதலாய்ச் சொல்ல வேண்டுமே என்று, "சாச்சி, உங்கள் மகன் நன்றாக ஓதுவானே" என்றோம். அவர் நம்மை ஒரு பார்வை பார்த்தார். "அப்படியொன்றும் ஓத மாட்டான் தம்பி. சூரத்துல் ஃபீலிலேயே ஆறு மாசம் நின்றான். ஆனால் சிரிப்பான். ஊசி குத்தும்போதுகூட நர்ஸ் அம்மாவைச் சிரிக்க வைப்பான்" என்றார்.

அவனை மதிப்பதற்கு அவனிடம் ஒரு திறமை இருந்தாக வேண்டும் என்று நாம் நினைத்தோம். பெற்றவளுக்கு அது தேவைப்படவில்லை.

இந்தியாவில் கொச்சியில் எட்மண்ட் தாமஸ் கிளின்ட் என்றொரு சிறுவன் இருந்தான். 1976-ல் பிறந்து, சிறுநீரக நோயால் 1983-ல், ஏழு வயது நிறையுமுன் இறந்துபோனான். அதற்குள் இருபத்தையாயிரம் படங்கள் வரைந்தான் என்கிறார்கள். 2017-ல் அவன் கதையை மலையாளத்தில் சினிமாவாகவும் எடுத்தார்கள். அவனை நினைப்பது நியாயமே. ஆனால் அவன் ஒரு கோடுகூடப் போடாதிருந்தால் அவன் வலி குறைந்திருக்குமா? அதே நோயில் படம் வரையத் தெரியாமல் போன பிள்ளைகளின் தாய்மார் குறைவாக அழுதிருப்பார்களா?

வியாபாரிகளான நமக்கு எதையும் தராசில் வைத்துப் பார்க்கும் பழக்கம். இந்தப் பிள்ளை படித்து என்ன ஆவான், கடைக்கு உதவுவானா என்றே பார்க்கிறோம். தர்மத்தையும் அப்படியே பார்க்கிறோம். மதரஸாவுக்குக் கொடுத்தால் ஹாபிஸ் வருவார், உபகாரச் சம்பளம் கொடுத்தால் டாக்டர் வருவார். மூன்று நாள் கடலில் குளித்துத் திரும்பும் நோயாளிப் பிள்ளையிடமிருந்து என்ன வரும்?

இதற்கு மார்க்கத்திலே பதில் இருக்கிறது. அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூ உமைர் என்ற சின்னத் தம்பி இருந்தார். அவர் வளர்த்த சின்னக் குருவி செத்துப்போய்ப் பிள்ளை வாடியிருந்தபோது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அந்தப் பிள்ளையைப் பார்த்து, குருவி என்னாயிற்று என்று வேடிக்கையாய் விசாரித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டு கிதாபுகளிலும் உள்ள ஹதீஸ் இது. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பொறுமையோடு பறிகொடுத்த பிள்ளை இந்த அபூ உமைர்தான் என்று விரிவுரையாளர்கள் கூறுவர். ஆக, அவர் வளர்ந்து ஆலிமாகவும் இல்லை, போர்வீரராகவும் இல்லை. ஆனாலும், நம் ஷாபிஈ மத்ஹபைச் சேர்ந்த இப்னுல் காஸ் என்ற இமாம் அந்த ஒரு ஹதீஸிலிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட பயன்களை எடுத்துத் தனிக் கிதாபே எழுதினார். ஒரு பிள்ளையின் துக்கத்தைக் கொஞ்ச நேரம் மறக்கடித்த செய்தி அது. அதை வீண் என்று எந்த இமாமும் சொல்லவில்லை.

பால் நியூமன் என்ற அமெரிக்க நடிகரைச் சிலர் அறிந்திருப்பீர்கள். அவர் 1982-ல் ஒரு வியாபாரம் தொடங்கினார். பச்சைக் காய்கறிக்கு ஊற்றும் எண்ணெய்க் கலவையைப் போத்தலில் அடைத்து விற்றார். வரி போக லாபம் முழுவதும் தர்மத்துக்கே என்று விதித்துக்கொண்டார். (நாம் இரண்டரை சதவீதத்துக்கே ஷஅபான் மாதம் முழுவதும் கணக்குப் பார்க்கிறோம்.) 1988-ல் கனெக்டிகட் மாநிலத்து ஆஷ்ஃபோர்டில், கடும் நோயுள்ள பிள்ளைகளுக்கென்று ஒரு முகாம் திறந்தார். குடும்பத்தாரிடம் காசு வாங்குவதில்லை. டாக்டரும் நர்ஸும் கூடவே இருப்பார்கள், மருந்து நேரம் தவறாது. மற்ற நேரமெல்லாம் மீன் பிடிப்பது, குதிரை ஏறுவது, பாடுவது. 2008-ல் அவர் காலமானார். முகாம் நடக்கிறது. அதைப் பார்த்து ஐயர்லாந்திலும், ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலும், இன்னும் பல நாடுகளிலும் முகாம்கள் வந்துவிட்டன. எந்த முகாமிலும் பிள்ளைக்கு என்ன திறமை என்று கேட்டுச் சேர்ப்பதில்லை.

மருந்துதானே முதலில் என்று நம்மைப் போலவே நீங்களும் கேட்கலாம். முதலில்தான். தலசீமியா கடுமையாயுள்ள பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை ரத்தத்தில் இருநூறு மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழியில்லை, இருதயத்திலும் ஈரலிலும் போய்ச் சேரும். நம் தோழனைக் கொண்டுபோனது அதுதான். இரும்பை எடுக்க இரவில் எட்டுப் பத்து மணி நேரம் தோலுக்கடியில் ஊசி குத்தி, சின்ன பம்பால் மருந்து செலுத்துவார்கள். வாரத்தில் ஐந்து இரவுக்குக் குறையாது. இப்போது மாத்திரைகளும் வந்துவிட்டன. இவையெல்லாம் அரசாங்க ஆஸ்பத்திரியில் கிடைக்கின்றன. அங்கே கிடைக்காதது வேறொன்று. வீட்டில் பம்பைக் கட்டிக்கொண்டு படுப்பது இவன் ஒருவன்தான். முகாமில் பத்துப் படுக்கையில் பத்துப் பிள்ளையும் பம்போடு படுக்கும். அங்கே யார் யாருக்குப் பட்டப்பெயர் வைப்பார்கள்?

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இந்நோய் தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்தால்தான் பிள்ளைக்குக் கடுமையாய் வரும். அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள்ளேயே முடிச்சுப் போடும் நம்மவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. 2016 முதல் பள்ளி மாணவர்களுக்கு அரசாங்கம் ரத்தப் பரிசோதனை செய்துவருகிறது. பெற்றோர் கையெழுத்துக்கு வரும் அந்தக் காகிதத்தைச் சிலர் மறுத்து அனுப்புகிறார்கள் என்று கேள்விப்பட்டோம். தயவுசெய்து கையெழுத்துப் போடுங்கள். நிக்காஹ் பேசுமுன் இரு வீட்டாரும் கேட்டுக்கொள்வதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

ஜகாத்துக்கு எட்டு வகையார் குறிக்கப்பட்டிருப்பதால், முகாமுக்கு ஸதக்காவிலிருந்து கொடுப்பதே பேணுதல் என்று நம் இமாம் சொன்னார். அந்த வாலிபரைத் தேடிப் பிடித்து, நாம் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தோம். அரிசி, பருப்பு, முட்டை நம் பொறுப்பு. நாற்பது பிள்ளைகள், கூட வரும் பெற்றோர் சிலர். பஸ் வாடகைக்கு இன்னும் எண்ணூறு வெள்ளி குறைகிறது. மருந்து வைக்கப் பெரிய ஐஸ் பெட்டி இரண்டு இரவல் வேண்டும். மீன் வியாபாரம் செய்யும் சகோதரர்களிடம் இருந்தால், கழுவி, வெள்ளிக்கிழமைக்குள் நம் கடையில் சேர்ப்பிக்கவும்.