அருகிருப்போன் கடமை

தங்கவயல் மக்களுக்கு மரணம் புதிய செய்தியன்று. பாறை வெடிப்பில் மாண்டோரைத் தோளில் சுமந்த ஊர் இது. ஆயினும் கற்றூள் நுரையீரலில் படிவதால் வரும் சிலிக்கோசிஸ், ஆளை ஒரே நாளில் கொள்வதில்லை. ஆண்டுக்கணக்கில் மூச்சைச் சுருக்கும். அதனை முற்றும் தீர்க்கும் மருந்து இன்றளவும் இல்லை.

என் தந்தையார் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் உழைத்தவர். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வேலை போயிற்று. மார்பில் படிந்த தூள் போகவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு முதிய நாய் புற்றுக்கட்டியால் உணவு மறுத்து இரவெல்லாம் முனகியது. கால்நடை மருத்துவர் ஊசியிட்டு அதன் துன்பத்தை முடித்தார். "புண்ணியம் செய்தாய்" என்றனர் தெருவார். அன்றிரவு தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்த தந்தையார், மூச்சு வாங்க வினவினார்: "நாய்க்குப் போட்ட ஊசி எனக்கு இல்லையாடா?"

விடையின்றி நின்றேன்.

மீளாத் துன்பத்திலுள்ள விலங்கின் உயிரை முடிக்க 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் இடந்தருகிறது. 1928-இல் சபர்மதி ஆசிரமத்தில் நோயுற்ற கன்றொன்றை ஊசியிட்டு இறக்கச் செய்த காந்தியடிகள், அதுவும் அகிம்சையே என வாதிட்டார். மனிதனுக்கோ, பயனற்றுப் போன உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும், அவ்விருப்பத்தை முன்னரே எழுதிவைக்கலாம் என்றும் 2018 மார்ச் 9-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. உயிர் போக்கும் ஊசிக்கு அது இசையவில்லை.

இவ்வேறுபாடு ஏன்? மனிதப் பிறவி உயர்ந்தது என்பர் சிலர். உயர்ந்த பிறவி கூடுதலாகத் துன்புறவேண்டும் என்பது என்ன நீதி? என் சிற்றறிவுக்கு எட்டிய விடை வேறு. விலங்கு வாய் திறந்து சொல்லாது. அதன் முனகலுக்கு நாமே பொருள் கொள்கிறோம். மனிதன் சொல்ல வல்லவன். ஆதலின் அவன் சொல்லின் உட்பொருளைக் கேட்டறிவது நம் கடன்.

நான் கேட்டேன். நள்ளிரவில் மூச்சுத் திணறுமே என்ற அச்சமும், மருமகள் உறக்கம் இழக்கிறாளே என்ற வருத்தமுமே அவரை அவ்வாறு பேசச் செய்தன. மருத்துவர் சிறு அளவில் மார்ஃபின் தந்தார், திணறல் தணிந்தது. இரவுக் காவலை நாங்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொண்டோம். அதன்பின் அவர் ஊசி கேட்கவில்லை. மூன்று திங்கள் கழித்து, என் கையைப் பற்றியவாறே அடங்கினார்.

தமிழகத்தின் தென்மாவட்டங்கள் சிலவற்றில் முதியோருக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் பருகச் செய்து உயிர் போக்கும் தலைக்கூத்தல் என்னும் வழக்கம் இருந்ததை அறிவோம். அதற்கும் இரக்கம் என்றே பெயரிட்டனர். தீர்வது எவர் துன்பம் என்பதே இங்குக் கேட்கத்தக்க வினா. அவ்வினாவை என்னிடமும் கேட்டுக்கொள்கிறேன். நாயின் முனகல் அடங்கிய இரவில் நானும் நெடுநாளுக்குப் பின் அயர்ந்து உறங்கினேன். அந்த ஊசியில் என் நலனும் கலந்திருந்ததோ என்னும் ஐயம் இன்றும் நீங்கவில்லை.

வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தபோது, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் ஒரு கூறாக வைத்தார். கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி தணிப்பு இயக்கம், தன்னார்வத் தொண்டர்களைக் கொண்டு அந்த நான்காம் கூற்றை வீடுதோறும் கொண்டுசென்றது.

நம் இளைஞர் விடியலில் ரயிலேறிப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். பகலெல்லாம் லைன் வீடுகளில் முதியோர் தனியே மூச்சுக்குப் போராடுகின்றனர். சங்கத்து அன்பர்கள் வாரம் ஒரு நாழிகை அவர்கள் அருகே அமர்ந்தால், இறப்பை வேண்டும் குரல்கள் சில அடங்கக்கூடும். அடங்காதவற்றையும் செவிமடுக்க ஒருவராவது அருகிருப்பார்.