தெரியாது என்று சொல்லும் பருவம்

பெங்களூரிலோ சென்னையிலோ ஓர் ஆலோசனை நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் கிடைத்துப் பிள்ளை பஸ் ஏறியதும் சித்தூர், திருப்பதி வீடுகளில் எழும் முதல் கேள்வி, “பர்மனன்ட் பண்ணுவாங்களா?” என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆந்திரத்தில் 2020-21 பாடத்திட்டத்தோடு மூன்றாண்டுப் பட்டப்படிப்புக்கே பத்து மாத இன்டர்ன்ஷிப் கட்டாயமானது. முதலாண்டு முடிவில் இரண்டு மாதம் சமூகப்பணி, அடுத்த ஆண்டு முடிவில் இரண்டு மாதம், கடைசி ஆண்டில் ஆறு மாதம். வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும் பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகமும் 2015இல் வந்த ஐஐடியும் இருக்கும் ஊர் திருப்பதி. படிப்பு வாசலிலேயே கிடைக்கிறது, வேலைக்குத்தான் ஊர் தாண்ட வேண்டும். ஆகவே அந்த ஆறு மாதத்தை வேலைக்கான நீண்ட தேர்வாகவே மாணவர் பார்க்கிறார். தேர்வு என்று நினைத்த கணத்தில், தெரியாததை மறைக்கத் தொடங்குகிறார். நான் சொல்ல வருவது இதுதான்: நிரந்தர வேலைக்கு அழைத்துப் போகும் வழி அந்த மறைப்பு அல்ல, ‘எனக்கு இது தெரியவில்லை’ என்று வேளையறிந்து சொல்லும் பழக்கம்.

ஆலோசனைத் தொழிலில் இந்தப் பயம் மற்ற இடங்களைவிட அதிகம். காரணம், அந்தத் தொழில் விற்பதே பதிலைத்தான். சுற்றியிருப்பவர்கள் தயங்காமல் பேசுவார்கள், ஸ்லைடில் ஏறும் ஒவ்வொரு வரியும் முடிந்த முடிவு போலத் தெரியும். எக்செல் தாளில் எண்களைச் சரிபார்ப்பதும், போனில் விவரம் திரட்டுவதும், ஸ்லைடு அடுக்குவதுமாக இருக்கும் இன்டர்ன், கேள்வி கேட்டால் மட்டமாகிவிடுவோமோ என்று அஞ்சுகிறார். ஆனால் அந்தப் பதில்கள் எதில் நிற்கின்றன என்று பார்க்க வேண்டும். மாம்பழக்கூழ் ஆலைகளைப் பற்றி ஓர் அறிக்கை தயாராகிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 பருவத்தில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை சரிந்தபோது ஆந்திர அரசு கிலோவுக்கு 12 ரூபாய் என்று அறிவித்தது. அதில் 8 ரூபாய் ஆலை தர வேண்டியது, 4 ரூபாய் அரசின் மானியம். ‘கொள்முதல் விலை’ என்ற கட்டத்தில் 12 என்று அடித்துவிட்டுப் போவது எளிது. பார்க்க அழகாகவும் இருக்கும். ஆனால் ஆலையின் செலவுக் கணக்கில் அது டன்னுக்கு 4,000 ரூபாய் பிழை, பத்தாயிரம் டன்னுக்கு 4 கோடி. “இந்த 12 ரூபாய் யார் கையிலிருந்து போகிறது?” என்று கேட்கும் இன்டர்ன் அந்த அறிக்கையையே காப்பாற்றுகிறார். பங்காருபாளையம் மாம்பழச் சந்தைப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு அறிவித்த விலை வேறு, ஆலை வாசலில் கைக்கு வரும் விலை வேறு என்பது சிறுவயதிலிருந்தே தெரியும். அலுவலகத்தில் அதைச் சொல்லத்தான் வாய் வருவதில்லை.

கேள்விக்கு ஒரு நேரம் உண்டு என்பதைத் திருக்காளத்தியின் கலம்காரித் தொழில் நன்றாகக் காட்டுகிறது. துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். பாலில் உள்ள கொழுப்பு மையைப் பரவவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெல்லமும் இரும்புத் துண்டுகளும் நாள்கணக்கில் ஊறிய நீரே மை. மூங்கில் எழுதுகோலால் அதைத் தொட்டுக் கோடு இழுத்தால், கடுக்காய் ஏறிய துணியில் அது கறுத்து நின்றுவிடும், அழிப்பது எளிதல்ல. துணி சரியாக உலர்ந்ததா, மை பதத்துக்கு வந்ததா என்று கேட்க வேண்டியது கோல் துணியில் படுவதற்கு முன்னால். அதற்குள் எத்தனை முறை கேட்டாலும் செலவில்லை, கோடு விழுந்த பிறகு கேட்டால் துணியே போய்விடும். இன்டர்ன்ஷிப் என்பது கோல் துணியைத் தொடாத அந்தக் காலம். நிரந்தர ஊழியர் ஆனதும் அறிக்கையில் நம் பேரும் சேரும், எதிரே கட்டணம் கொடுத்த வாடிக்கையாளர் உட்கார்ந்திருப்பார். அங்கே அடிப்படைக் கேள்வி கேட்பது கடினம். கேட்க உரிமையுள்ள காலத்தை எல்லாம் தெரிந்தவர்போல நடித்தே கழித்தவர், அந்த நாளில் வெறுங்கையோடு நிற்பார்.

இதற்கு மறுப்பு உண்டு, அது நியாயமான மறுப்பு. கல்விக் கடன் தலைமேல் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்குத் துணிந்து கேள்வி கேட்பது வசதியுள்ளவர் செய்யும் காரியமாகப் படலாம். ஒரு கேள்வியால் ஒரு மேனேஜரின் முகம் சுளித்தால் இழப்பு அவருக்கு அல்ல, அந்தப் பிள்ளைக்கு. மெய்தான். ஆனால் எல்லாக் கேள்வியும் ஒன்றல்ல. வெறுமனே ‘புரியவில்லை’ என்பது வேலையை மேனேஜர் பக்கம் தள்ளுகிறது. ‘இதுவரை இப்படிப் பார்த்தேன், இந்த இடத்தில் இரண்டு விதமாக எடுக்கலாம், எது சரி?’ என்பது பாதி வேலையை முடித்துக் கொடுக்கிறது. இரண்டாவது வகைக்குப் பணமோ பின்புலமோ வேண்டாம், கேட்பதற்கு முன் அரை மணி நேரம் உழைத்திருந்தால் போதும். ஒருவரை நிரந்தரமாக்கும்போது நிறுவனம் பார்ப்பது இவரிடம் விட்டால் பிழை முன்கூட்டியே தெரியவருமா என்பதை. மௌனமாக இருப்பவரிடம் அந்த நம்பிக்கை பிறக்காது.

இன்னொரு மறுப்பு நிறுவனங்களை நோக்கியது. எவ்வளவு நன்றாகச் செய்தாலும் இடம் இல்லையென்றால் இல்லைதானே? ஆமாம். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தையே பாருங்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுப்பது பற்றி ஒவ்வொரு முதலாளியும் தனக்கென ஒரு கொள்கை வகுக்க வேண்டும் என்று 2014 திருத்தம் சொல்கிறது, எடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டமும் 2024இல் தொடங்கியபோது ஓராண்டுக்கு மாதம் 5,000 ரூபாய் என்றது, வேலைக்கு உறுதி தரவில்லை. ஆகவே மாணவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியை முதல் வாரத்திலேயே கேட்கலாம்: “எதை வைத்து முடிவு செய்வீர்கள், எப்போது சொல்வீர்கள்?” இதற்கு நேரான பதில் சொல்வது நிறுவனத்தின் கடமை. அளவுகோலை மறைத்து வைத்துக்கொண்டு ஆறு மாதம் உழைப்பை வாங்குவது பயிற்சி ஆகாது. இடம் கிடைக்காமல் போனாலும், கேட்டுக் கேட்டுக் கற்றது அடுத்த நேர்காணலுக்குக் கூடவே வரும். நடித்துக் கழித்த ஆறு மாதத்தில் மிஞ்சுவது ஒரு சான்றிதழ் மட்டுமே.

மொழியைக் காட்டித் தயங்குகிறவர்களும் உண்டு. 1960இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும், நகரி, புத்தூர், சத்தியவேடு, சித்தூர் பக்கம் வீட்டில் தமிழும் வெளியே தெலுங்குமாக வளர்கிறவர்கள் ஏராளம். அலுவலகத்து ஆங்கிலம் அவர்களுக்கு மூன்றாவது மொழி. அதைக் குறையாக எண்ணுகிறார்கள். ஆனால் இரண்டு மொழிக்கு நடுவே வாழ்கிறவர் ஒரு சொல்லைக் கேட்டதும் ‘நீங்கள் சொல்வது இதைத்தானே?’ என்று உறுதிசெய்து பழகியவர். ஆலோசனைத் தொழிலுக்கு அதைவிட நல்ல பழக்கம் கிடையாது.

கல்லூரிகள் இன்டர்ன்ஷிப் மாணவர்களிடம் அன்றாடப் பதிவேடு கேட்கின்றன: இன்று என்ன செய்தேன், என்ன கற்றேன். அதில் இன்னொரு கட்டம் சேர்க்கலாம்: இன்று என்ன கேட்டேன், யாரிடம் கேட்டேன். மதிப்பெண் போடும் ஆசிரியர் அந்தக் கட்டத்தை முதலில் படிக்கட்டும். கேள்வி கேட்டதற்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்தால், பிள்ளைகள் வாய் திறப்பார்கள்.