வேலிக்கு உள்ளே இருப்பவர் எந்த ஊர்க்காரர்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நியூவார்க் என்றொரு நகரம். அங்கே டெலனி ஹால் என்ற கட்டடம் ஜியோ குரூப் என்ற தனியார் சிறை நிறுவனத்துக்குச் சொந்தம். குடியேறிகளைத் தடுத்துவைக்க அதைப் பயன்படுத்துவது என்று 2025 பிப்ரவரியில் ஃபெடரல் அரசு அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. 1,000 படுக்கைகள், 15 ஆண்டுகள், ஏறக்குறைய 100 கோடி டாலர்.

நகர நிர்வாகம் வழக்குப் போட்டது. மனிதர்களை அடைத்துவைத்துச் சம்பாதிப்பது பாவம் என்று அந்த மனு வாதாடவில்லை. கட்டடம் மனிதர்கள் தங்கத் தகுதியானது என்பதற்கு முறையான சான்றிதழ் இல்லை, எங்கள் ஆய்வாளர்களை உள்ளே விடவில்லை என்றது. மே 9 அன்று மேயர் ராஸ் பராக்கா அந்த வாசலிலேயே கைது செய்யப்பட்டார். அத்துமீறி நுழைந்தார் என்ற அந்த வழக்கு பத்து நாளில் கைவிடப்பட்டது.

எனக்கு இதில் உள்ள அறக் கேள்வி இதுதான். இவ்வளவு பெரிய அநியாயம் என்று நினைக்கும் ஒன்றை, தீயணைப்பு வசதி, கழிவுநீர்க் குழாய் என்று பேசித் தடுக்கப் பார்ப்பது நேர்மையா? நான் பள்ளத்தூர்க்காரன். பேரூராட்சியில் ப்ளான் அப்ரூவலுக்கு நடந்த யாரிடமும் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். "அட, ரூலை வச்சு இழுத்தடிக்கிறாங்கப்பா" என்பார்கள்.

அந்தச் சிரிப்பில் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் 'அனுமதி இல்லாத கட்டடம்' என்ற சொல்லுக்குப் பின்னாலேயே புல்டோசர் வரும். முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்காமல் வீட்டை இடிக்கக் கூடாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. அப்படியிருக்க, எங்களுக்குப் பிடித்த காரியத்துக்கு மட்டும் அதே கட்டட விதி நல்ல ஆயுதம் ஆகிவிடுமா?

ஒரு வித்தியாசம் இருக்கிறது. கட்டட விதி உள்ளே இருப்பவரின் உயிருக்காக எழுதப்பட்டது. புல்டோசர் அந்த விதியைக் காட்டி உள்ளே இருப்பவரைத் தெருவில் தள்ளுகிறது. நியூவார்க் அதே விதியைக் காட்டி, உள்ளே இருக்கப்போகிறவர் நெருப்புப் பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவார் என்று கேட்டது.

மென்பொருள் வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு சிஸ்டத்துக்கு யார் பொறுப்பு என்று குழப்பம் வந்தால், ராத்திரி ரெண்டு மணிக்கு அது விழுந்தா யாருக்கு போன் போகும் என்று கேட்போம். டெலனி ஹாலில் தீப்பிடித்தால் ஓடவேண்டியது நியூவார்க்கின் தீயணைப்பு வீரர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அல்ல. 2025 ஜூன் 12 அன்று உணவு பற்றிய கொந்தளிப்புக்கு நடுவே நான்கு பேர் அங்கே ஒரு சுவரை உடைத்துத் தப்பிப் போனார்கள். கட்டட ஆய்வாளரின் கேள்வி வெறும் சாக்கு அல்ல என்பதற்கு அந்தச் சுவரே சாட்சி.

கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த் இன்னும் விசித்திரம். சிறைகளால் பெயர் பெற்ற ஊர். சிறை என்ற சொல்லுக்கு அங்கே யாரும் பதறுவதில்லை. ஆனாலும் கோர்சிவிக் என்ற நிறுவனம் தன் மூடிய சிறையைக் குடியேறிகளுக்காகத் திறக்க முயன்றபோது, நகரத்தின் சிறப்பு அனுமதி வாங்கவில்லை என்று 2025இல் வழக்குப் போட்டது. முன்பு அந்தச் சிறை இயங்கியபோது உள்ளே நடந்த குற்றங்களை விசாரிக்க எங்கள் போலீஸாரைத் தடுத்தார்கள் என்பது நகரத்தின் குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதாவது, அடைபட்டவர் தாக்கப்பட்டால் அவரும் எங்கள் ஊரில் தாக்கப்பட்டவர்தான் என்கிறது அந்த மனு.

இதற்கு எதிராக வலுவான வாதம் ஒன்று உண்டு. 2021இல் இதே நியூவார்க்கில் இருக்கும் எசெக்ஸ் கவுன்டி சிறை, குடியேறிகளை அடைத்துவைக்கும் தன் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. பலர் விடுதலை ஆகவில்லை. வேறு மாநிலச் சிறைகளுக்கு மாற்றப்பட்டார்கள். மனைவி பிள்ளைகள் வந்து பார்க்க முடியாத தூரம், வக்கீல் வர முடியாத தூரம். ஊரின் கை சுத்தமானது. அடைபட்டவரின் நிலை மோசமானது. இந்த வாதத்தை என்னால் முழுதாக மறுக்க முடியவில்லை. 'எங்கள் ஊரில் வேண்டாம்' என்று மட்டும் சொல்லும் ஊர், குப்பைக் கிடங்கை எதிர்க்கும் ஊரைப் போலத்தான். எதிர்ப்பு அறமாவது, ஆளை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று அடுத்த கேள்வியையும் கேட்கும்போதுதான்.

நம்மிடம் வருவோம். திருச்சி மத்தியச் சிறை வளாகத்தில் சிறப்பு முகாம் இருக்கிறது. தனியார் நிறுவனம் இல்லை, லாபமும் இல்லை. 1946ஆம் ஆண்டு வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ், மாநில அரசின் உத்தரவில் அங்கே ஆட்களை வைத்தார்கள். 2025இல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதியது வந்துவிட்டது. ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் ஆறு பேரை விடுவித்தது. அவர்களில் இலங்கைக் குடிமக்களான நான்கு பேர் சிறையிலிருந்து வந்து சேர்ந்த இடம் இந்த முகாம்தான். அவர்களில் ஒருவரான சாந்தன், ஊர் திரும்பாமலேயே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார்.

எங்கள் பக்கத்து வீடுகள் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் சம்பாதித்த பணத்தில் எழுந்தவை. 1942இல் பர்மாவிலிருந்து காடு மலை கடந்து நடந்தே வந்தவர்களின் கதை இல்லாத செட்டிநாட்டு ஊர் குறைவு. வழியில் எந்த ஊர் தண்ணீர் கொடுத்தது என்பதை அந்தத் தலைமுறை மறக்கவில்லை. அந்த ஊர்கள் யாருடைய பேப்பரையும் சரிபார்த்துத் தண்ணீர் கொடுத்திருக்காது.

எல்லையைக் காப்பது பெரிய அரசின் வேலை. அதில் ஊருக்கு வாக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊர் எல்லைக்குள் குடிநீர் குடிக்கிற, நோய்வாய்ப்படுகிற ஒருவரைப் பற்றிக் கேட்க எந்தச் சட்டப்பிரிவும் தேவையில்லை. மாமன்றக் கூட்டத்தில் ஒரு கவுன்சிலர் எழுந்து, முகாமில் எத்தனை பேர், டாக்டர் வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறார் என்று கேட்கலாம். பதில் வராமல் போகலாம். கேள்வி குறிப்பேட்டில் ஏறும். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கேட்கலாம்.