பிள்ளை வளர்ப்பில் ஐந்து அதிசாரங்கள்



"இக்காலப் பிள்ளைகளிடம் பணிவும் இல்லை, இரக்கமும் இல்லை" என்னும் குறையை நம் இல்லங்களில் அடிக்கடி கேட்கிறோம். ஜினாலயத்தில் தரிசனம் முடித்துத் திண்ணையில் அமர்ந்தாலும் பேச்சு இதுவாகவே இருக்கிறது. பெரியவர் வந்தால் எழுந்து நிற்பதில்லை. கேட்ட வினாவிற்கு முகம் பார்த்து விடை கூறுவதில்லை. தம்பியை அடிக்கக் கை தயங்குவதில்லை. குறை பொய்யன்று. ஆயின் இதற்கு மருந்து யாது என வினவினால், "கண்டிப்புப் போதவில்லை, நான்கு அடி கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றே பெரும்பாலோர் விடை கூறுகின்றனர். எறும்பையும் மிதியாது நடக்கக் கற்ற ஒரு சமுதாயத்தின் நாவில் இவ்விடை எளிதாக வந்துவிடுவது எண்ணிப் பார்க்கத் தக்கதாகும்.

சிராவகர் ஏற்கும் அணுவிரதங்கள் ஐந்தனுள் முதலாவது கொல்லாமை. உமாசுவாமிகள் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் ஒவ்வொரு விரதத்திற்கும் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. அதிசாரம் என்பது விரதத்தை முற்றும் முறித்தலன்று, அதனை மாசுபடுத்துதலாகும். கொல்லாமைக்குரிய ஐந்து அதிசாரங்கள் இவை: பந்தம் எனப்படும் கட்டி வைத்தல், வதம் எனப்படும் அடித்தல், சேதம் எனப்படும் உறுப்பைச் சிதைத்தல், தாங்கும் அளவிற்கு மிஞ்சிய சுமையை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். சமந்தபத்திர சுவாமிகளின் இரத்தினகரண்டக சிராவகாசாரமும் இவ்வைந்தையே எண்ணிக் காட்டுகிறது.

இவை எவ்வுயிர்களை நோக்கிச் சொல்லப்பட்டவை? காட்டு விலங்கை நாம் கட்டி வைப்பதில்லை. வானில் பறக்கும் பறவை மீது சுமை ஏற்றுவதில்லை. நம் ஆளுகைக்குள் இருந்து, நம் கையை எதிர்பார்த்து உண்டு, நம்மை எதிர்க்க வலியில்லாத உயிர்களை நோக்கியே இவை சொல்லப்பட்டன. நம் முன்னோர் பெரும்பாலும் உழவர். இவ்வைந்தையும் கேட்டபோது அவர்கள் தொழுவத்து எருதையும் பசுவையும் நினைத்தார்கள். நுகத்தடி அழுத்திய கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள். இன்று பல ஊர்களில் டிராக்டர் வந்துவிட்டது, தொழுவங்கள் வெறுமையாயின, குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டன. இப்போது நம் ஆளுகைக்குள் இருந்து, நம் கையை எதிர்பார்த்து உண்டு, நம்மை எதிர்க்க வலியில்லாத உயிர் நம் இல்லத்தில் எது? நம் குழந்தையே அன்றோ? ஆகவே குழந்தையை முன்னிறுத்தி இவ்வைந்தையும் ஒருமுறை படித்துப் பார்ப்போம்.

முதலாவது, பந்தம். பூஜ்யபாத சுவாமிகள் தம் சர்வார்த்தசித்தி உரையில், விரும்பிய இடத்திற்குச் செல்லவொட்டாமல் தடுத்தலே பந்தம் என்று விளக்குகிறார். கயிறு இருந்தால்தான் கட்டு என்பதில்லை. அழும் குழந்தையை இருட்டறையில் இட்டுத் தாழிடுவதும் கட்டுதலே. கிணற்றை நோக்கி ஓடும் குழந்தையைப் பற்றி நிறுத்துவது அத்தகையதன்று, அது காத்தல். இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னர்க் கூறுவோம்.

இரண்டாவது, வதம். இச்சொல்லைக் கேட்டதும் உயிரைப் போக்குதல் என்று நாம் பொருள் கொள்கிறோம். அஃது இங்கே பொருளன்று; அது விரதத்தாலேயே விலக்கப்பட்டுவிட்டது. கோல், சாட்டை, பிரம்பு முதலியவற்றால் அடித்தலே இங்கு வதம் என்று அவ்வுரையாசிரியரே தெளிவுறுத்துகிறார். பிரம்பு என்னும் சொல்லை உரையிலேயே காணும்போது, பள்ளியில் வாழ்நாளைக் கழித்த எம்மைப் போன்றோர்க்கு அது பிறரைப் பற்றிய செய்தியாகத் தோன்றுவதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பள்ளியில் குழந்தையின் உடலைத் துன்புறுத்துவதையும் உள்ளத்தை வதைப்பதையும் தன் 17ஆம் பிரிவில் தடை செய்தது. அச்சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசு அண்மையில் கண்ட நெறியை நம் ஆசாரியர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கண்டுவிட்டனர். ஆயினும் பிரம்பு நம் வீட்டுப் பரணை விட்டு இன்னும் முற்றும் நீங்கவில்லை.

அடிபட்ட குழந்தை பணிவைக் கற்கிறதா? பள்ளியில் நாம் கண்டது வேறு. சிறுமியர் கூடி ஆசிரியர் விளையாட்டு விளையாடுவர். தூண்களே மாணவர்கள். ஒருத்தி குச்சியொன்றை எடுத்து அத்தூண்களை விளாசுவாள். கை ஓங்கும் முறையும், பல்லைக் கடிக்கும் முறையும், அவள் வீட்டிலோ வகுப்பிலோ கண்டவை. அடி எதைக் கற்பிக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? வலியவர் எளியவரை அடிக்கலாம் என்னும் ஒரு பாடத்தையே அது கற்பிக்கிறது. எளியவராய் இருக்கும் வரை குழந்தை அஞ்சும். வலியவராய் வளர்ந்ததும் அடிக்கும். அச்சத்தைப் பணிவு என்று நாம் தவறாகப் பெயரிட்டு வைத்திருக்கிறோம்.

இங்கு மற்றொரு சிறு வழக்கத்தையும் எண்ண வேண்டும். நடை பழகும் குழந்தை இடறி விழுகிறது. அழுகையை நிறுத்துவதற்காக, "உன்னை அடித்த தரையை நாம் அடிப்போம்" என்று பாட்டி தரையைத் தட்டுகிறார். குழந்தையும் தட்டிச் சிரிக்கிறது. தரைக்கு வலிக்காதே, இதில் என்ன குற்றம் என்று தோன்றும். யசோதர காவியத்தின் கதையை நாம் அறிவோம். தீக்கனவின் பயனை விலக்கப் பலியிடுக என்று தாய் சந்திரமதி வேண்ட, உயிர்ப்பலிக்கு இசையாத யசோதரன் மாவினால் செய்த கோழியை வெட்டினான். மாவிற்கு உயிரில்லை; வெட்டும் எண்ணத்திற்கு உயிர் இருந்தது. அவ்வெண்ணத்தின் வினை தாயையும் மகனையும் விலங்குப் பிறவிகள் பலவற்றில் ஆழ்த்தியது. நம்மைத் துன்புறுத்தியதைத் திருப்பித் துன்புறுத்தினால் நம் துன்பம் தீரும் என்பதைப் பேச்சு வருமுன்னரே குழந்தைக்குக் கற்பித்துவிட்டு, பத்து வயதில் "தம்பியை ஏன் அடித்தாய்?" என்று கேட்பதில் பயன் என்ன? விழுந்த இடத்தைத் தடவிக் கொடுத்து, "பார்த்து நட, கண்ணே" என்றால் போதும். தடவும் கையையும் குழந்தை கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, சேதம். நூல் கூறுவது காது மூக்கு முதலிய உறுப்புகளைச் சிதைத்தலை. நம் வீடுகளில் அது நிகழ்வதில்லை. ஆயினும் நாவினால் அறுக்கப்படும் உறுப்பு ஒன்று உண்டு. அதுதான் குழந்தையின் தன்மதிப்பு. "மக்கு", "உருப்படாதவன்", "உன் அக்காளைப் பார்" என்னும் சொற்களை விருந்தினர் முன்னிலையில் சொல்லும்போது அவ்வுறுப்பு அறுபடுகிறது. நீரில் வாழும் நுண்ணுயிர்க்கும் தீங்கு நேரலாகாது என்று தண்ணீரைத் துணியில் வடிகட்டிப் பருகும் குலம் நம்முடையது. சொல்லையும் வடிகட்டுதல் நமக்கு அரிதாகுமோ?

நான்காவது, மிகைச் சுமை. ஒன்றிய அரசு 2020ஆம் ஆண்டில் வெளியிட்ட பள்ளிப்பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை மிஞ்சலாகாது என்கிறது. 25 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இரண்டரைக் கிலோ. இன்று மாலையே நம் பேரப்பிள்ளையின் பையைத் தராசில் வைத்துப் பார்ப்போமாக. முதுகில் தெரியும் சுமை அது. தெரியாத சுமையும் உண்டு. தந்தை பெறாத பட்டத்தையும், தாய் அடையாத பதவியையும், உறவினர் வீட்டுப் பிள்ளை பெற்ற மதிப்பெண்ணையும் ஒரு சிறு தலையில் ஏற்றுகிறோம். அதனை நிறுத்துப் பார்க்கத் தராசு இல்லை. குழந்தையின் முகமே தராசு.

ஐந்தாவது, உணவு மறுத்தல். "வீட்டுப்பாடம் முடித்தால்தான் சோறு" என்று சொல்வதை நாம் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஆனால் இரவுணவு நீக்கிய இல்லங்களில் இதன் பொருள் வேறு. கதிரவன் மறையுமுன் மறுக்கப்படும் உணவு, மறுநாள் கதிரவன் எழும் வரை மறுக்கப்படுவதாகும். உயிர்களிடத்து இரக்கம் கருதி ஏற்ற நோன்பே ஓர் உயிரைப் பட்டினியிடும் கருவியாக மாறலாமா? பசித்த குழந்தைக்கு முதலில் உணவு, திருத்தம் பின்னர்.

"அவ்வாறாயின் பிள்ளைகளைக் கண்டிக்கவே கூடாதோ?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்வியே. மனம் தன் வசம் இழந்து பிற உயிரைத் துன்புறுத்துவதே இம்சை என்பது நம் ஆகமத்தின் தெளிவு. இதிலிருந்தே காத்தலுக்கும் கட்டுதலுக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். கிணற்றருகே குழந்தையைப் பற்றிய கையில் குழந்தையின் நன்மை மட்டுமே இருக்கிறது. இருட்டறையில் தாழிட்ட கையில் நம் சினம் இருக்கிறது. கண்டிக்குமுன் நம்மை நாமே ஒன்று வினவிக்கொள்வோம்: இப்போது தணிக்கப் போவது பிள்ளையின் குற்றத்தையா, நம் கோபத்தையா? விடை கோபம் என வந்தால் பொறுத்திருப்போம். கோபம் தணிந்தபின் உறுதியாகச் சொல்லப்படும் "கூடாது" என்னும் ஒரு சொல்லுக்குப் பிரம்பினும் வலிமை மிகுதி.

இனி, செய்யத் தக்கது யாது? அகத்தவம் ஆறு என்பர். பிராயச்சித்தம், விநயம், வையாவிருத்தியம், சுவாத்தியாயம், வியுத்சர்க்கம், தியானம் என்பது அவற்றின் வரிசை. விநயம் என்பது பணிவு. வையாவிருத்தியம் என்பது நோயுற்றோர்க்கும் தளர்ந்தோர்க்கும் செய்யும் தொண்டு. சுவாத்தியாயம் என்பது கல்வி. பணிவும் தொண்டும் கல்விக்கு முன்னே நிற்பதைக் காண்க. "நீ படி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லும் நாம் இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறோம். பாட்டிக்கு மருந்து எடுத்துத் தரவும், தாத்தாவின் கையைப் பற்றிக் கோயிற்படி ஏற்றவும், கோடையில் மாடியில் பறவைகளுக்கு நீர் வைக்கவும் பிள்ளைக்கு நாள்தோறும் ஒரு சிறு கடமை இருக்கட்டும். தேர்வு நாட்களிலும் அது நிற்காதிருக்கட்டும்.

"தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க" என்பது ஆசிரியப் பயிற்சியில் எமக்குக் கற்பிக்கப்பட்ட விதி. அகிம்சை என்னும் சொல் குழந்தைக்குத் தெரியாதது, வலி தெரிந்தது. "எறும்பு கடித்தபோது உனக்கு வலித்ததே, நீ நசுக்கினால் அதற்கும் அப்படித்தான் வலிக்கும்" என்பதே முதற்பாடம். தண்ணீரை வடிகட்டும்போது பிள்ளையையும் அருகில் அழைத்து, துணியில் தங்கிய நுண்ணுயிர்களை அவை வந்த நீரிலேயே சேர்ப்பது ஏன் என்று சொல்லிக் கொடுப்பது இரண்டாம் பாடம்.

பணிவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நிலத்தில் உழைக்கும் முதியவரை, வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையாரை, ஏழு வயதுப் பிள்ளை பெயர் சொல்லி "வா, போ" என்று அழைக்கிறது. யாரும் திருத்துவதில்லை, ஏனெனில் நாமும் அவ்வாறே அழைக்கிறோம். குலச் செருக்கும் சாதிச் செருக்கும் செல்வச் செருக்கும் நற்காட்சியை மாசுபடுத்தும் எட்டு மதங்களுள் அடங்கும் என்பதைச் சமந்தபத்திரர் நமக்கு உணர்த்தியிருக்கிறார். தனக்கு மேலுள்ளவரிடம் மட்டும் காட்டும் பணிவு பணிவாகாது, அது கணக்கு. தனக்கு யாதும் செய்ய இயலாதவரிடம் "வாங்க, தாத்தா" என்று பிள்ளை சொல்லும் நாளில்தான் விநயம் அதன் உள்ளத்தில் வேர் கொண்டது எனலாம். அச்சொல் முதலில் நம் வாயில் பிறக்க வேண்டும்.

தசலட்சண பருவம் நிறைவுறும்போது உற்றார் உறவினரிடம் கை கூப்பி மன்னிப்பு வேண்டும் நல்வழக்கம் நமக்கு உண்டு. பெரியவர்கள் பெரியவர்களிடம் வேண்டுகிறோம். அவ்வாண்டில் நாம் சினந்து பேசிய நம் பிள்ளைகளிடமும் ஒரு சொல் மன்னிப்பு வேண்டினால் நம் மதிப்புக் குறையாது. பிழை செய்தவர் எவ்வாறு தலை தாழ்த்துவர் என்பதைப் பிள்ளை கண்ணால் காணும். தானும் ஒருநாள் அவ்வாறு தாழ்த்தும்.

மாக்கோழியை வெட்டிய யசோதரனும் சந்திரமதியும் பல பிறவிகள் துன்புற்றபின் உடன்பிறந்தாராய்ப் பிறந்தனர். அபயருசி, அபயமதி என்பன அவர்தம் பெயர்கள். இளமையிலேயே துறவு நெறி பூண்ட அவ்விருவரையும் சண்டமாரிக்குப் பலியிட மாரிதத்தன் முன் நிறுத்தினர். வாளைக் கண்டு அவர்கள் நடுங்கவில்லை. அரசனை வெறுக்கவும் இல்லை. தம் வரலாற்றை எடுத்துரைத்து அவனைக் கொலையினின்றும் மீட்டனர். இருவர் பெயரிலும் உள்ள அபயம் என்பதற்கு அச்சமின்மை என்பது பொருள். அஞ்சாத உள்ளத்திற்கே பிறர்க்கு அபயம் அளிக்க இயலும்.

தானங்கள் நான்கனுள் அபயதானமும் ஒன்று. அதனைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. நம் காலடியோசை கேட்டதும் ஒளிந்துகொள்ளாமல் ஓடிவந்து நம் கையைப் பற்றும் குழந்தை, அத்தானத்தை நம்மிடம் பெற்ற குழந்தை. பெற்றதை அது பிற உயிர்களுக்கு வழங்கும்.

எல்லா உயிர்களும் அச்சம் நீங்கி இன்புறுக. அருகன் அறம் ஓங்குக.